பயாஸ் வைத்த இடத்தில் ஏன் நிற்பதில்லை?

இரவு அறை விளக்கை அணைத்துவிட்டு ஆம்ப்ளிஃபையரை ஓடவிட்டிருந்தேன். அதில் இஎல்34 வால்வுகள், அதாவது வெற்றிடக் குழாய்கள், நான்கு. மாலையில்தான் ஒவ்வொன்றின் பயாஸையும் (சிக்னல் இல்லாதபோது ஓடும் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் மின்னழுத்தம்) 40 மில்லிஆம்பியர் ஓடும்படி வைத்து, மீட்டரை மூடி, நிம்மதியாக உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், கடைசி வால்வின் கரும்பிளேட்டில் (எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் தகடு), பற்றவைப்பு ஓரத்தை ஒட்டி, நாணயம் அளவுக்கு மங்கலான சிவப்பு. மீட்டர் 70 மி.ஆ. காட்டியது. 430 வோல்ட்டில் அது 30 வாட். இஎல்34 பிளேட் தாங்குவது 25 வாட்.

பயாஸ் திருகை யாரும் தொடவில்லை. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலையான கிரிட்டுக்குப் போகும் எதிர்மின்னழுத்தம் சப்ளை முனையில் இம்மியும் மாறவில்லை. மற்ற மூன்று வால்வுகளும் 41, 39, 42 என்று சமர்த்தாக இருந்தன. பிறகு இந்த ஒன்று மட்டும் ஏன் நழுவியது?

வால்வு அவுட்புட் ஸ்டேஜ் பற்றிப் பேசும்போது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை மில்லிஆம்பியரில் வைக்க வேண்டும்?’ என்பது. கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்த எண்ணை எட்டுவது ஐந்து நிமிட வேலை. வால்வு சூடாகும், வயதாகும், மெயின்ஸ் ஏறி இறங்கும். அப்போது அதை அந்த எண்ணுக்குத் திருப்பி இழுப்பது எது, இன்னும் தள்ளிவிடுவது எது? நிலைப்பு என்பது இந்த இழுபறிதான்.

எண்ணைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். வால்வு எப்போதும் கடத்திக்கொண்டே இருக்கும் கிளாஸ் ஏ ஸ்டேஜில் சும்மா இருக்கும்போதுதான் வால்வு அதிகம் சுடும். சிக்னல் வந்தால் அந்தச் சக்தியில் ஒரு பங்கு ஸ்பீக்கருக்குப் போய்விடும். எனவே அங்கே பிளேட்டின் முழு வரம்பு வரை வைக்க முடியும். பெரிய சிக்னலில் வால்வு சிறிது நேரம் கடத்தாமல் நின்றுவிடும் கிளாஸ் ஏபியில் கதை தலைகீழ்: சிக்னல் ஏற ஏற பிளேட்டின் சூடும் கூடும், அதற்கு இடம் விட வேண்டும். வரம்பில் 70 சதவீதம் என்ற வழக்கம் அப்படி வந்தது. இஎல்34-க்கு 17.5 வாட்; 430 வோல்ட்டில் சுமார் 40 மி.ஆ. இது உச்சவரம்பு, இலக்கு அல்ல. 30-இல் வைத்தும் கிராஸ்ஓவர் கரகரப்பு (சிக்னல் ஒரு வால்விலிருந்து மற்றதற்குக் கைமாறும்போது எழுவது) கேட்கவில்லை என்றால் 40-க்கு ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. எலக்ட்ரான்களை உமிழும் கேத்தோடில் அளக்கும்போது, கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையிலுள்ள இரண்டாவது வலையான ஸ்கிரீனின் மின்னோட்டமும் சேர்ந்தே வரும் என்பதையும் மறக்கக் கூடாது. இஎல்34-இல் அது பிளேட் மின்னோட்டத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. கேத்தோடில் 45 காட்டினால் பிளேட்டில் 40-ஐ ஒட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்தச் சிவந்த வால்வுக்கு வருவோம்.

கிரிட்டில் மின்னோட்டம் இல்லை என்ற பொய்

பாடம் படிக்கும்போது கிரிட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும், அதில் மின்னோட்டம் ஓடாது என்று சொல்லிக்கொடுப்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் எந்த வால்வுக்குள்ளும் முழு வெற்றிடம் கிடையாது. மிச்சம் மீதி வாயு மூலக்கூறுகள் திரிந்துகொண்டே இருக்கும். பிளேட்டுக்குப் பாயும் எலக்ட்ரான்கள் அவற்றில் சிலவற்றை மோதி அயனிகளாக்குகின்றன. அந்த நேர்மின் அயனிகள் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும் கிரிட்டைத் தேடி வந்து விழுகின்றன. விழும் ஒவ்வொன்றும் கிரிட்டிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்கிறது. இழந்த எலக்ட்ரானை ஈடுகட்ட, வெளியிலிருந்து ஒன்று, கிரிட்டைப் பயாஸ் சப்ளையோடு இணைக்கும் கிரிட் ரெசிஸ்டர் வழியாக வந்தாக வேண்டும்.

போதாக்குறைக்கு, கேத்தோடிலிருந்து ஆவியாகும் பேரியம் கிரிட் கம்பியில் படிகிறது. கிரிட் சூடானால் அதுவே எலக்ட்ரான்களை உமிழத் தொடங்கும். சில வால்வுகளில் கிரிட் கம்பிக்குத் தங்க முலாம் பூசுவது பகட்டுக்காக அல்ல, இந்த உமிழ்வைக் குறைக்கத்தான். வாயுவோ உமிழ்வோ, இரண்டின் விளைவும் ஒரே திசையில்தான்: கிரிட் ரெசிஸ்டரில் ஒரு சிறு வோல்ட்டேஜ் உருவாகி, கிரிட்டை நேர்மின் பக்கம் தூக்குகிறது. கிரிட் ஏறினால் பிளேட் மின்னோட்டம் ஏறும். அது ஏறினால் சூடு கூடும், சூட்டில் பிளேட்டிலும் மைக்காவிலும் ஒட்டியிருந்த வாயு இன்னும் வெளிவரும், அயனிகள் பெருகும், கிரிட் இன்னும் ஏறும்.

என் ஆம்ப்பில் கிரிட் ரெசிஸ்டர் 470 கிலோ ஓம். சிவந்த வால்வில் அதன் இரு முனைகளுக்கும் இடையே மீட்டரை வைத்தேன். 4 வோல்ட். நல்ல வால்வில் அங்கே கிட்டத்தட்ட பூஜ்ஜியம் இருக்க வேண்டும். 4 வோல்ட்டை 470 கிலோ ஓமால் வகுத்தால் 8.5 மைக்ரோஆம்பியர். பிளேட்டில் ஓடும் 70 மி.ஆ.-இல் எட்டாயிரத்தில் ஒரு பங்கு. இந்தத் துளி மின்னோட்டம்தான் வால்வைச் சிவக்க வைத்தது.

இதை இன்னொரு விதமாகப் பார்த்தால் விஷயம் சட்டென்று பிடிபடும். கேத்தோடு ரெசிஸ்டர் என்ன செய்கிறது? பிளேட் மின்னோட்டம் கூடினால் தன் மேல் விழும் வோல்ட்டேஜைக் கூட்டி, கிரிட்டைக் கேத்தோடைவிடத் தாழ்த்தி, மின்னோட்டத்தைக் குறைக்கிறது. கடிவாளம். வாயுவும் கிரிட் ரெசிஸ்டரும் சேர்ந்து இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கின்றன. 70 மி.ஆ. ஓடும்போது கிரிட் 4 வோல்ட் ஏறுகிறது என்றால், 57 ஓம் மதிப்புள்ள ஒரு கேத்தோடு ரெசிஸ்டரைக் குறி மாற்றி மாட்டியதற்குச் சமம். கடிவாளத்துக்குப் பதில் தார்க்குச்சி.

கணக்கைத் தொடர்ந்து பார்க்கலாம். அந்த இடத்தில் வால்வின் கடத்துதிறன் (கிரிட் ஒரு வோல்ட் ஏறினால் மின்னோட்டம் ஏறும் அளவு) வோல்ட்டுக்கு 7 மி.ஆ. என்று கொள்வோம். 57 ஓமை அதனால் பெருக்கினால் 0.4. சங்கிலி ஒருமுறை சுற்றி வரும்போது, ஏறிய ஒவ்வொரு மில்லிஆம்பியரும் இன்னும் 0.4-ஐச் சேர்த்துக்கொள்கிறது. அப்படியானால் 40-ஐ 0.6-ஆல் வகுக்க வேண்டும்: 67 மி.ஆ. மீட்டர் காட்டிய 70-க்கு அருகில்தான். பெருக்கம் 0.4-இல் இருந்ததால் வால்வு ஒரு புதிய இடத்தில் போய் நின்றது. இதே வால்வுக்கு 1 மெகா ஓம் கிரிட் ரெசிஸ்டர் போட்டிருந்தால் பெருக்கம் 0.85. மின்னோட்டம் ஏற ஏறக் கடத்துதிறனும் ஏறும் என்பதால் அது சீக்கிரமே 1-ஐத் தாண்டியிருக்கும். அதன் பிறகு நிற்க இடமே கிடையாது. ஃபியூஸ் போகிற வரை ஓட்டம்தான்.

220 கிலோ ஓமுக்கு மாற்றினேன். இப்போது தலைகீழ் ரெசிஸ்டர் 27 ஓம், பெருக்கம் 0.19. கணக்கு 49 என்றது. அதே வால்வு ஒரு மணி நேரம் கழித்து 51-இல் நின்றது. நல்ல வால்வு என்று சொல்லமாட்டேன், ஆனால் சிவக்கவில்லை.

வால்வுத் தகவல் தாள்களில் கிரிட் ரெசிஸ்டருக்கு ஓர் உச்ச மதிப்பைப் போட்டிருப்பதன் காரணம் இதுதான். பெரும்பாலானோர் பார்க்காமல் தாண்டிப்போகும் வரி அது. ஃபிக்ஸட் பயாஸுக்கு (தனி சப்ளையிலிருந்து வருவது) ஒரு மதிப்பு, கேத்தோடு பயாஸுக்கு (கேத்தோடு ரெசிஸ்டரே உருவாக்குவது) அதைவிடப் பெரிய மதிப்பு என்று இரண்டு இருக்கும். இஎல்84-க்கு 0.3 மெகா ஓம், 1 மெகா ஓம். இஎல்34-க்கு 0.5, 0.7. 6எல்6ஜிசி-க்கு 0.1, 0.5. 6550-க்கும் 300பி-க்கும் ஃபிக்ஸட் பயாஸில் வெறும் 50 கிலோ ஓம், கேத்தோடு பயாஸில் 250. கேத்தோடு ரெசிஸ்டர் கடிவாளம் பிடிக்கும்போது தார்க்குச்சி கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை என்பதே இரண்டு எண்களுக்கும் உள்ள உறவு. என் 470 கிலோ ஓம் இந்த வரம்புக்குள்தான் இருந்தது. வரம்பு நல்ல வெற்றிடமுள்ள வால்வை மனதில் வைத்துப் போட்டது. பல வருடம் பெட்டியில் கிடந்த வால்வுக்கு அது பொருந்தாது.

இஎல்34-க்காக வடிவமைத்த ஆம்ப்பில், சாக்கெட் ஒன்றுதானே என்று 6550-ஐச் செருகுகிறவர்கள் பயாஸ் வோல்ட்டேஜைச் சரிசெய்வார்கள், ஹீட்டர் மின்னோட்டத்தைக்கூடச் சரிபார்ப்பார்கள். கிரிட் ரெசிஸ்டரை மட்டும் அப்படியே விட்டுவிடுவார்கள். 50 கிலோ ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 470.

குறைத்தால் போயிற்று என்றால், அதற்கும் விலை உண்டு. கிரிட் ரெசிஸ்டர்தான் முந்தைய ஸ்டேஜின் சுமை. 12ஏஎக்ஸ்7 போன்ற வால்வு 220 கிலோ ஓமை ஒருவாறு தள்ளிவிடும்; 50 கிலோ ஓம் என்றால் திணறும், கனமான சுமையையும் ஓட்டக்கூடிய கேத்தோடு ஃபாலோயர் ஸ்டேஜ் ஒன்று இடையில் தேவைப்படும். இரு ஸ்டேஜையும் இணைக்கும் கப்ளிங் கப்பாசிட்டரையும் அதே விகிதத்தில் பெரிதாக்காவிட்டால் அடித்தொனி குறையும். நிலைப்பை அவுட்புட் வால்வில் வாங்கினால், பணம் டிரைவர் ஸ்டேஜின் பையிலிருந்து போகிறது.

மெயின்ஸ் ஏறும்போது

இன்னொரு நம்பிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். பயாஸ் சப்ளையை ரெகுலேட் செய்துவிட்டால் பயாஸ் அசையாது என்று பலர் நினைக்கிறார்கள். பயாஸ் வோல்ட்டேஜ் அசையாது என்பது சரி. வால்வு அசையும், முன்னைவிட அதிகமாகவே.

ஸ்கிரீன் 400 வோல்ட், கிரிட் மைனஸ் 36 வோல்ட், 38 மி.ஆ. என்று வைத்த இஎல்34-ஐ எடுத்துக்கொள்வோம். மெயின்ஸ் 10 சதவீதம் ஏறுகிறது. ஸ்கிரீன் 440 ஆகிறது. கிரிட்டைவிட ஸ்கிரீனுக்குச் செல்வாக்கு குறைவு. இஎல்34-இல் சுமார் 11-இல் ஒரு பங்கு. ஆக 40 வோல்ட் ஏற்றம் கிரிட்டில் 3.6 வோல்ட் ஏற்றத்துக்குச் சமம். வோல்ட்டுக்கு 6 மி.ஆ. என்றால் 22 மி.ஆ. கூடுதல். 38 இப்போது 60. பிளேட்டில் 26 வாட்டுக்கு மேல். ரெகுலேட் செய்த பயாஸ் மைனஸ் 36-லேயே அசையாமல் நின்று இதை வேடிக்கை பார்க்கும்.

அதே டிரான்ஸ்ஃபார்மரின் இன்னொரு சுற்றிலிருந்து வரும் சாதாரண, ரெகுலேட் செய்யாத பயாஸாக இருந்தால்? அதுவும் 10 சதவீதம் ஏறி மைனஸ் 39.6 ஆகும். அதே 3.6 வோல்ட், எதிர்த் திசையில். பெரும்பகுதி அடிபட்டுப்போகிறது. மிஞ்சுவது என்னவென்றால், எல்லா வோல்ட்டேஜும் ஒரே விகிதத்தில் ஏறும்போது மின்னோட்டம் அதன் ஒன்றரை அடுக்காக ஏறுகிறது என்ற பழைய சைல்டு–லாங்மியூர் விதி. 38 மி.ஆ. 44 ஆகும், பிளேட் சூடு 27 சதவீதம் கூடும். சங்கடம்தான், ஆனால் வால்வு பிழைத்துக்கொள்ளும்.

ஸ்கிரீன் சப்ளையையும் ரெகுலேட் செய்தால் பயாஸையும் ரெகுலேட் செய்யுங்கள். ஸ்கிரீனை விட்டுவிட்டால் பயாஸையும் விட்டுவிடுங்கள். ஒன்றை மட்டும் கட்டிப்போடுவது இரண்டையும் அவிழ்த்துவிடுவதைவிட மோசம். அல்ட்ராலீனியர் இணைப்பில் ஸ்கிரீன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இடைமுனையில் (டேப்) தொங்குவதால், அங்கே அதைத் தனியாக ரெகுலேட் செய்ய வழியில்லை. ரெகுலேட் செய்யாத பயாஸே பொருத்தம்.

கடிவாளத்தின் கணக்கு

கேத்தோடு பயாஸ் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவற்றைத் தானே பார்த்துக்கொள்கிறது. இஎல்84-இன் பாடப்புத்தக நிலையை எடுத்தால் பிளேட்டிலும் ஸ்கிரீனிலும் 250 வோல்ட், கேத்தோடில் 135 ஓம், பிளேட் 48 மி.ஆ., ஸ்கிரீன் 5.5. கிரிட் தானாகவே மைனஸ் 7.3 வோல்ட் அளவில் போய் உட்காரும். கடத்துதிறன் 11 மி.ஆ.-க்குச் சற்று மேல். 135 ஓமோடு அதைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 2.5. எந்தக் காரணத்தால் மின்னோட்டம் நழுவப் பார்த்தாலும், அந்த நழுவல் இரண்டரையில் ஒரு பங்காகச் சுருங்கும். 300பி-யில் கடிவாளம் இன்னும் இறுக்கம்: 300 வோல்ட், மைனஸ் 61, ஏறத்தாழ 60 மி.ஆ. என்ற நிலைக்குக் கிட்டத்தட்ட 1 கிலோ ஓம் வேண்டும், நழுவல் ஆறில் ஒரு பங்காகிறது. பதிலுக்கு 61 வோல்ட் சப்ளையில் போய்விடும். அந்த ரெசிஸ்டர் 3.7 வாட்டை வெறும் சூடாக்கும். அதற்கு 5 வாட் ரெசிஸ்டர் போட்டு நிறுத்திக்கொள்கிறவர்களை எனக்குப் புரிவதில்லை. 10 வாட் போடுங்கள்.

இரண்டு வால்வுகள் எதிரெதிராக வேலை செய்யும் புஷ்–புல்லில் இரண்டு வால்வுக்கும் பொதுவாக ஒரே கேத்தோடு ரெசிஸ்டர் போடுவது மலிவான வழி. அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பொது ரெசிஸ்டருக்குத் தெரிவது கூட்டுத்தொகை மட்டுமே. ஒரு வால்வு 10 மி.ஆ. ஏறினால் ரெசிஸ்டர் இரண்டையும் சேர்த்து அழுத்தும்; நல்ல வால்வு காரணமில்லாமல் தண்டனை வாங்கும், கெட்டது ஏறியபடியே இருக்கும். கூட்டுத்தொகை ஒழுங்காகத் தெரிய, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பிடிக்க ஆளே இல்லை. 1947-இல் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் வெளியான வில்லியம்சன் ஆம்ப்ளிஃபையரில் கேடி66 வால்வு ஜோடிக்குச் சமன் திருகு வைத்தது இதற்காகத்தான். ஆளுக்கொரு ரெசிஸ்டர், அதன் குறுக்கே ஆளுக்கொரு பைபாஸ் கப்பாசிட்டர் என்றால் இந்தப் பிரச்சினையே எழாது. சமனின்மை வளைய வடிவ டொராய்டு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் இன்னும் உறைக்கும்: இடைவெளியில்லாத அந்த உள்ளகம் சில மில்லிஆம்பியர் டிசி வித்தியாசத்திலேயே செறிவடையத் தொடங்கும், அடித்தொனி முதலில் பழுதாகும். ஈஐ வடிவத் தகடுகளாலான உள்ளகம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

கேத்தோடு பயாஸின் பலவீனம் கிளாஸ் ஏபி-யில் தெரியும். சிக்னல் பெரிதாகும்போது சராசரி மின்னோட்டமே கூடுகிறது. கடிவாளத்துக்கு இது நழுவலா, இசையா என்று தெரியாது. அது இழுக்கும், பைபாஸ் கப்பாசிட்டர் மெல்ல ஏறும், வால்வு மிகக் குளிர்ந்த நிலைக்குப் போகும். 250 ஓம், 470 மைக்ரோஃபாரட் என்றால் இறங்க 0.1 வினாடிக்கு மேல் பிடிக்கும். பலத்த அடிக்குப் பிறகு வரும் மெல்லிய சுரத்தில் கரகரப்பு கேட்டால் அதுதான் காரணம். ஆப்ஆம்ப் (ஐசி ஆம்ப்ளிஃபையர்) வைத்துத் தானியங்கிப் பயாஸ் செய்கிறவர்களும் இதே குழியில் விழுகிறார்கள். சராசரியை அளக்கும் சுற்று, இசை ஓடும்போது வால்வைக் குளிரவைத்துக்கொண்டே போகும். சும்மா இருக்கும் கணத்தை மட்டும் பிடித்து அளக்கும் சுற்று வேண்டும், அது எளிதல்ல.

நடுவழி ஒன்று உண்டு. பயாஸில் பெரும்பகுதியை ஃபிக்ஸட் சப்ளையிலிருந்தும், மீதியைக் கேத்தோடு ரெசிஸ்டரிலிருந்தும் எடுப்பது. சிறு ரெசிஸ்டர்கூட வீணில்லை. என் ஆம்ப்பில் அளப்பதற்காகக் கேத்தோடில் 1 ஓம் இருந்தது. அதை 10 ஓமாக்கியதும் அந்தப் பழைய வால்வின் தலைகீழ் ஓம்களில் இன்னும் ஒன்பது கழிந்தது. மீட்டரிலும் 40 மில்லிவோல்ட்டுக்குப் பதில் 400 தெரிந்ததால் துல்லியமும் கூடியது.

நழுவலைத் துரத்தும்போது

ஏறும் எல்லா மின்னோட்டத்துக்கும் வால்வே குற்றவாளி அல்ல. கப்ளிங் கப்பாசிட்டர் கசிந்தாலும் கிரிட் அதே மாதிரி நேர்மின் பக்கம் ஏறும். பிரித்தறிவது சுலபம். கிரிட் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கிடையே வோல்ட்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆம்ப்பை அணைத்து, கப்பாசிட்டர்கள் இறங்கும் வரை காத்திருந்து, அந்த வால்வை மட்டும் உருவிவிட்டு, ஆம்ப்பை மறுபடி போட்டு அளங்கள். வோல்ட்டேஜ் மறைந்தால் வால்வு. மறையாவிட்டால் கப்பாசிட்டர், அல்லது அழுக்கேறிய சாக்கெட். இந்தச் சோதனை முழுவதும் 400 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நடக்கிறது. ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, கிளிப் மாட்டிவிட்டுப் பிறகு மெயின்ஸ் போடுவது நல்லது.

மின்னோட்டம் மெல்ல ஏறாமல் திடீரென்று குதித்தால், அதுவும் கையைக் கிட்டே கொண்டுபோனதும் எண் மாறினால், அது பயாஸ் நழுவலே அல்ல. காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் ஸ்டேஜ் ஊசலாடுகிறது. கிரிட் முள்ளை ஒட்டியே சில கிலோ ஓம் தடுப்பு ரெசிஸ்டரும், ஸ்கிரீனுக்கு ஒரு சில நூறு ஓமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று பாருங்கள். இரண்டு அங்குலம் தள்ளி மாட்டிய தடுப்பு, பாதித் தடுப்பு.

பயாஸ் திருகின் நடுமுனை தொடர்பு விட்டுப்போனால் கிரிட்டுக்கு எதிர்மின்னழுத்தமே கிடைக்காமல் வால்வு தீர்ந்துபோகும். நடுமுனையிலிருந்து எதிர்மின் சப்ளைக்கு ஒரு ரெசிஸ்டரை நிரந்தரமாகப் போட்டுவிட்டால், தொடர்பு விட்டாலும் பயாஸ் அதிகபட்ச எதிர்மின்னுக்குத்தான் போகும். ஸ்பீக்கரில் ஒலி மங்கும், வால்வு தப்பிக்கும். சில காசு ரெசிஸ்டர் அது.

வைக்கும்போது வால்யூமைக் குறைத்து, ஸ்பீக்கரோ சுமை ரெசிஸ்டரோ மாட்டி, பயாஸை அதிகபட்ச எதிர்மின்னில் வைத்துத் தொடங்குங்கள். ஐந்து நிமிடத்தில் ஏறத்தாழ வைத்து, இருபதாவது நிமிடத்தில் சரிசெய்யுங்கள். ஒன்றைத் திருப்பினால் சப்ளை இறங்கி மற்றது மாறும் என்பதால் இரண்டு மூன்று முறை சுற்றி வர வேண்டியிருக்கும். பிறகு அறுபதாவது நிமிடத்தில் ஒருமுறை அளங்கள். இருபதில் எடுத்ததற்கும் இதற்கும் இரண்டு மூன்று மி.ஆ.-க்குள் வித்தியாசம் என்றால் மூடியைப் பூட்டலாம். ஏறிக்கொண்டே போனால் திருகைத் திருப்பிக் கீழே இறக்காதீர்கள்; கிரிட் ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் மீட்டரை வையுங்கள்.